எரிசக்தித் தணிக்கையாளர் தேர்வுக்கு இணையவழிப் பயிற்சி: ஒரு நூற்பாலைப் பொறியாளரின் நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

மத்திய அரசின் எரிசக்தித் திறன் பணியகம் நடத்தும் எரிசக்தி மேலாளர் மற்றும் தணிக்கையாளர் சான்றிதழ்த் தேர்வுக்காக, கட்டணம் செலுத்தி இரண்டு இணையவழிப் பயிற்சிகளில் படித்தேன். தேர்ச்சி பெற்றபின் சில ஆண்டுகளாக, அங்கே கற்றதை நான் பராமரிப்புப் பொறியாளராகப் பணிபுரியும் சேலம் நூற்பாலையில் பயன்படுத்தியும் வருகிறேன். நூற்பாலைகளும் உருக்காலைகளும் மேட்டூர்ப் பக்கத்து அனல்மின் நிலையமும் இரசாயனத் தொழிற்சாலைகளும் உள்ள மாவட்டம் என்பதால், இத்தேர்வை எழுத நினைக்கும் இளம் பொறியாளர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் என்னைத் தேடி வருபவர்கள் முதலில் கேட்பது, "எந்த கோர்ஸ் நல்லாருக்குங்க சார்?" என்பதுதான். பயிற்சி நிறுவனங்களின் பெயர்களை நான் இங்கே குறிப்பிடப் போவதில்லை. ஆசிரியர் மாறினால் அதே நிறுவனத்தின் தரமும் மாறிவிடுகிறது என்பதால், பெயரைவிட எதைப் பார்த்துச் சேர வேண்டும் என்பதே பயன்படும்.

தேர்வைப் பற்றி அறியாதவர்களுக்குச் சிறு விளக்கம் தேவைப்படுகிறது. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டப்படி, அரசு அறிவிக்கும் பெருநுகர்வு ஆலைகள் சான்றிதழ் பெற்ற எரிசக்தி மேலாளர் ஒருவரை நியமித்தாக வேண்டும். நெசவுத் துறையில் இதற்கான வரம்பு ஆண்டுக்கு 3,000 டன் எண்ணெய்க்கு இணையான எரிசக்தி ஆகும். முழுவதும் மின்சாரமாகவே கணக்கிட்டால் அது ஏறத்தாழ 3.5 கோடி யூனிட் வரும். எனவே இந்தச் சான்றிதழ் விசிட்டிங் கார்டில் போட்டுக்கொள்வதற்கான அலங்காரம் அன்று. பெரிய ஆலைகளில் ஒரு பணியிடமே இதைச் சார்ந்திருக்கிறது. மேலாளருக்கு மூன்று தாள்கள், தணிக்கையாளருக்கு நான்கு. முதல் தாள் சட்டம், திட்டம், நிதிக் கணக்கு உள்ளிட்ட பொதுப் பகுதி. இரண்டாவது கொதிகலன், உலை, நீராவி போன்ற வெப்பப் பகுதி. மூன்றாவது மோட்டார், கம்ப்ரசர், பம்ப், விசிறி போன்ற மின்பகுதி. நான்காவது தாள், இவற்றின் செயல்திறனைக் கணக்கிட்டு மதிப்பிடுவது.

நான் எழுதிய முறையில் முதல் மூன்று தாள்களுக்கும் தலா 150 மதிப்பெண்கள், மூன்று மணி நேரம். அந்த 150-இல் கொள்குறி வினாக்களுக்கு 50 மதிப்பெண்கள் மட்டுமே. மீதி 100 மதிப்பெண்களும் எழுதிக் காட்ட வேண்டிய சிறு, பெரு வினாக்களுக்கு உரியவை. தேர்ச்சிக்கு ஒவ்வொரு தாளிலும் 50 விழுக்காடு, அதாவது 75 மதிப்பெண்கள் வேண்டும். கொள்குறி வினாக்கள் அத்தனைக்கும் சரியாக விடையளித்தாலும் இன்னும் 25 மதிப்பெண்களைக் கையால் எழுதித்தான் பெற வேண்டும் என்னும் இந்த எளிய கணக்கைப் பார்த்த பிறகும், சந்தையில் விற்கப்படும் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஆயிரக்கணக்கான கொள்குறி வினாக்களையே பெருமையாக விளம்பரப்படுத்துவது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது. வேறு தேர்வுகளுக்காகக் கட்டப்பட்ட செயலியில் இந்தத் தேர்வையும் ஏற்றிவிடுவதால் வரும் விளைவு இது என்பது என் எண்ணம்.

நான் முதலில் சேர்ந்த பயிற்சி இந்த வகையைச் சேர்ந்தது. பதிவு செய்யப்பட்ட காணொளிகள், ஒவ்வொரு அத்தியாயத்தின் முடிவிலும் ஒரு குறுந்தேர்வு, அகில இந்தியத் தரவரிசை என எல்லாமே ஒழுங்காக இருந்தன. இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கி எழுந்தபின் எந்த நேரத்திலும் பார்க்க முடிந்ததும், ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட்ட முடிந்ததும் உண்மையிலேயே வசதிகள்தாம். மின்பொறியியல் படித்த எனக்கு மூன்றாம் தாளுக்கு அது போதுமானதாகவே இருந்தது. பம்பின் வேகத்தை 80 விழுக்காடாகக் குறைத்தால் அது எடுக்கும் மின்திறன் ஏறக்குறைய 51 விழுக்காடாக இறங்கும் என்பதை ஒருவர் எனக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் நூற்பாலையில் கொதிகலனோடு பழக்கமே இல்லாத எனக்கு, இரண்டாம் தாளில் காணொளி பார்ப்பது படித்த உணர்வைத் தந்ததே தவிர, வெற்றுத்தாளில் கணக்கைத் தொடங்கும் திறனைத் தரவில்லை. அந்தச் சுற்றில் முதல் தாளும் மூன்றாம் தாளும் முடிந்தன. தவறிய தாள்களை மட்டும் அடுத்த முறை எழுத விதிகள் இடம் தருவதால், மற்ற இரண்டுக்காக வேறொரு பயிற்சியைத் தேடினேன்.

இரண்டாவது பயிற்சி அளவில் சிறியது. வாரத்தில் சில மாலைகளில் நேரலை வகுப்பு, செயலி கிடையாது, பாடக்குறிப்புகளின் தோற்றமும் அழகாக இல்லை. ஆனால் ஒவ்வொரு வாரமும் கணக்குகள் கொடுத்து, நாங்கள் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பிய விடைகளைப் பணி ஓய்வு பெற்ற கொதிகலன் பொறியாளர் ஒருவர் சிவப்பு மையால் திருத்தித் திருப்பி அனுப்பினார். என் அனுபவத்தில் கட்டணத்துக்கு உரிய பொருள் இது ஒன்றுதான். கொதிகலனின் திறனை மறைமுக முறையில் காண்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புகைபோக்கி வழியே உலர்வாயு கொண்டுபோகும் வெப்பம், எரிபொருளிலுள்ள ஹைட்ரஜன் எரிந்து நீராவதால் போகும் வெப்பம், எரிபொருளின் ஈரப்பதம், காற்றின் ஈரப்பதம், எரியாத கரி, மேற்பரப்பு இழப்பு என ஒவ்வொன்றையும் தனித்தனியே கண்டு, கூட்டி, 100-லிருந்து கழிக்க வேண்டும். சூத்திரத்தை மனப்பாடமாகச் சொல்பவர்கள்கூட, ஒரு கிலோ ஹைட்ரஜன் 9 கிலோ நீரைத் தரும் என்பதால் வரும் 9-ஐப் போட்டுவிட்டு, ஹைட்ரஜனின் விழுக்காட்டை 100-ஆல் வகுக்க மறந்துவிடுவார்கள்; அல்லது புகையின் வெப்பநிலையிலிருந்து சுற்றுப்புற வெப்பநிலையைக் கழிக்க மாட்டார்கள். கொள்குறித் தேர்வு இதற்கெல்லாம் "தவறு" என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளும். திருத்துபவரோ, எந்த வரியில் கணக்கு தடம் மாறியது, அதுவரை எத்தனை மதிப்பெண் தேறும், அலகை எழுதாமல் விட்டதால் என்ன போகும் என்பதையெல்லாம் காட்டிவிடுவார். புகையில் 6 விழுக்காடு ஆக்சிஜன் இருந்தால் மிகைக்காற்று, அதாவது எரிவதற்குத் தேவையானதைவிடக் கூடுதலாகப் போகும் காற்று, எவ்வளவு என்ற கேள்விக்கு, 6-ஐக் காற்றிலுள்ள ஆக்சிஜன் விழுக்காடான 21-லிருந்து கழித்து வரும் 15-ஆல் அந்த 6-ஐ வகுத்து 40 விழுக்காடு என்று சொல்வது ஒரு வரி வேலை. ஆனால் அந்த 40-ஐ எடுத்துக்கொண்டு உண்மையில் உள்ளே போகும் காற்றின் நிறை, அதிலிருந்து வாயுவின் நிறை, அதிலிருந்து இழப்பு என்று மூன்று படிகள் நடப்பதற்குத்தான் பயிற்சி தேவைப்படுகிறது.

ஆகவே சேர்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, எத்தனை மணி நேரக் காணொளி என்பதன்று. என் கையெழுத்து விடையை யார் திருத்துவார், எத்தனை நாளில் திருப்பித் தருவார் என்பதே. மாதிரிக்குத் திருத்திய விடைத்தாள் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் இடத்தில் சேர வேண்டாம்.

இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது அலகுகள். இது சிறிய விஷயமாகத் தோன்றும். பணியகத்தின் வழிகாட்டி நூல்கள் வெப்பக் கணக்குகளைப் பெரும்பாலும் கிலோ கலோரியில்தான் நடத்துகின்றன; ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோ கலோரி, ஒரு டன் குளிர்பதனத் திறன் மணிக்கு 3,024 கிலோ கலோரி என்பவை அங்கே மூச்சுக்கு மூச்சு வரும் எண்கள். பொறியியல் முதுநிலைப் படிப்புக்கான கேட் தேர்வுக்காகத் தயாரித்த வெப்ப இயக்கவியல் பாடங்களை அப்படியே மறுபெயரிட்டு விற்கும் பயிற்சிகளில் எல்லாமே கிலோ ஜூலில் இருக்கும். கருத்து ஒன்றுதான் என்றாலும், மூன்று மணி நேரத் தேர்வில் 4.18-ஆல் பெருக்குவதும் வகுப்பதுமாகப் போகும் நேரமும் அதில் நுழையும் பிழையும் ஒரு பெருவினாவையே விழுங்கிவிடும். இலவச மாதிரி வகுப்பில் கொதிகலன் பாடத்தைத் திறந்து, எந்த அலகில் கணக்குப் போடுகிறார்கள் என்று பார்த்தாலே அந்தப் பாடம் இந்தத் தேர்வுக்காகச் செய்யப்பட்டதா என்பது தெரிந்துவிடும்.

பாடம் புதியதா பழையதா என்பதைக் கண்டுபிடிக்கவும் இதுபோன்ற குறுக்குவழிகள் உண்டு. முதல் தாளின் சட்டப் பகுதியில் 2022-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும், அதன் வழியே வந்த கார்பன் வரவு வணிகத் திட்டமும் இடம்பெற்றிருக்கின்றனவா என்று பாருங்கள். மூன்றாம் தாளில் மோட்டார்களைப் பற்றிப் பேசும்போது ஐ.இ.2, ஐ.இ.3 என்ற திறன் வகுப்புகளைச் சொல்கிறார்களா, அல்லது நெடுங்காலத்துக்கு முன் கைவிடப்பட்ட எஃப்.1, எஃப்.2 வகைப்பாட்டையே இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்களா என்று பாருங்கள். நான் பார்த்த ஒரு பயிற்சியின் முகப்புப் பக்கம் நடப்பு ஆண்டைக் காட்டியது. உள்ளே இருந்த காணொளியோ பத்தாண்டுக்கு முந்தைய மோட்டார்ப் பெயர்ப்பலகையைக் காட்டிக்கொண்டிருந்தது.

ஆசிரியர் ஆலையைப் பார்த்தவரா என்பதையும் மாதிரி வகுப்பிலேயே அறியலாம். எங்களோடு படித்தவர்களில் ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் பராமரிப்பைக் கவனிப்பவர் ஒருவர் இருந்தார். கீழே சேலத்தில் ஓடிய அதே மாதிரிக் கம்ப்ரசர் மலைமேல் ஏன் குறைவாகக் காற்றுத் தருவதுபோல் இருக்கிறது என்று ஒரு மாலை கேட்டார். சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து 280 மீட்டர் அளவில் இருக்க, ஏற்காடு 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்றழுத்தம் அங்கே ஏறத்தாழ 14 விழுக்காடு குறைவு என்பதையும், அதனால் உறிஞ்சும் கொள்ளளவு மாறாவிட்டாலும் உள்ளே போகும் காற்றின் நிறை எப்படிக் குறைகிறது, அழுத்த விகிதம் எப்படி உயர்கிறது என்பதையும் ஆசிரியர் பலகையில் கணக்காகவே போட்டுக் காட்டினார். அதே பகுதியைப் பதிவுக் காணொளியில் நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன்; உயரம் கூடினால் திறன் குறையும் என்ற ஒற்றை வாக்கியம் மட்டுமே அதில் இருந்தது.

நான்காம் தாள் வேறு வகை. 100 மதிப்பெண்கள், இரண்டு மணி நேரம், புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம். புத்தகம் கையிலிருப்பதால் எளிது என்று நினைப்பவர்கள் பக்கங்களைப் புரட்டிக்கொண்டே நேரத்தைத் தொலைக்கிறார்கள். எனவே திரையில் மட்டுமே படிக்கவிடும், அச்சிட அனுமதிக்காத பயிற்சிக் குறிப்புகள் இந்தத் தாளுக்குப் பயனற்றவை. முதல் பயிற்சியின் குறிப்புகள் செயலிக்குள்ளேயே பூட்டப்பட்டிருந்தன, பதிவிறக்கவே முடியாது. இரண்டாவதன் குறிப்புகளையும் வழிகாட்டி நூலையும் ஐந்து ரோடு பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டுச் சுருள் கட்டி, கொதிகலன், உலை, குளிர்கோபுரம், வெப்பமாற்றி என்று வண்ணத் தாள்களை விளிம்பில் ஒட்டி வைத்துக்கொண்டேன். தேர்வில் கைகொடுத்தது அந்தக் கட்டுதான்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். பெரிய பயிற்சிகளில் பல இந்தியும் ஆங்கிலமும் கலந்து நடக்கின்றன; இந்தி தெரியாதவர்கள் மாதிரி வகுப்பைக் கேட்காமல் பணம் கட்ட வேண்டாம். செல்லுபடிக் காலம் இத்தனை மாதம் என்று இருப்பதைவிட, தேர்வு முடியும்வரை என்று இருப்பது மேல். தேர்வு அறிவிப்பு எப்போதும் எதிர்பார்த்த மாதத்தில் வருவதில்லை. நேரலை வகுப்பின் பதிவு பிறகு கிடைக்குமா என்பது ஷிப்டில் வேலை செய்பவர்களுக்கு முக்கியம். தனித்தாளுக்கு மட்டும் சேர வழி இருந்தால் கட்டணம் குறையும்.

பயிற்சியே வேண்டாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் உண்டு. வழிகாட்டி நூல்களும் முந்தைய ஆண்டு வினாத்தாள்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் என்.பி.டெல். இணையப் பாடத் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் வெப்ப இயக்கவியல், மின் இயந்திரப் பாடங்களும் கட்டணமின்றி இருக்கின்றன. கொதிகலன் வீட்டில் பத்து ஆண்டுகள் வேலை பார்த்த இயந்திரப் பொறியாளருக்கு இவையே போதும். அவர் செலவழிக்க வேண்டியது பணத்தை அன்று, நேரத்தை. தன் துறைக்கு வெளியே உள்ள தாள் ஒன்றில் தடுமாறுபவருக்குத்தான் கட்டணப் பயிற்சி தேவை. அதுவும் அந்த ஒரு தாளுக்கு மட்டும்.

தேர்ச்சிக்குப் பிறகு எது நிலைத்தது என்று பார்த்தால், தரவரிசையும் காணொளிகளும் செல்லுபடிக் காலத்தோடு போய்விட்டன. திருத்தப்பட்ட விடைத்தாள்களும், இரண்டாவது பயிற்சியில் கொடுத்த எக்செல் கணக்குத்தாள்களும் இன்னும் என் மேசையில் இருக்கின்றன. ஆலைக்கு வார விடுமுறை விடும் நாளில், நூல் சுற்றும் ஆட்டோகோனர் இயந்திரம் எதுவும் ஓடாதபோது, கம்ப்ரசரை மட்டும் ஓட்டிக் கசிவைக் கணக்கிடுகிறோம்: 2 நிமிடம் சுமையில், அதாவது காற்றை அழுத்தித் தந்தபடி, ஓடி, 6 நிமிடம் சுமையின்றி இருந்தால், 8-இல் 2 பங்கு, அதாவது அதன் கொள்ளளவில் கால்பங்கு காற்று குழாய் இணைப்புகளிலேயே போகிறது என்று பொருள். நிமிடத்துக்கு 20 கனமீட்டர் தரும் இயந்திரத்தில் அது 5 கனமீட்டர். இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டிய பிறகுதான் இணைப்பான்களையும் ஓஸ் குழாய்களையும் மாற்றுவதற்கான செலவுக்கு நிர்வாகம் ஒப்புதல் தந்தது.

சான்றிதழை ஐந்தாண்டுக்கு ஒரு முறை புத்தாக்கப் பயிற்சி பெற்றுப் புதுப்பிக்க வேண்டும். அதற்கும் இணையவழி வகுப்பு என்று சிலர் இப்போதே அழைப்பு அனுப்புகிறார்கள். பணியகம் ஏற்ற பயிற்சிதானா என்பதை அதன் அதிகாரப்பூர்வ அறிவிப்பில் சரிபார்த்த பின்னரே பணம் கட்டுவதாக இருக்கிறேன்.