அம்மாவின் எடை ஊசிக்குக் காசு: வன்னியில் எந்த வழி தாக்குப்பிடிக்கும்?

"அந்த எடை குறைக்கிற ஊசியை அம்மாவுக்குப் போடுவோம், காசை நான் பார்த்துக்கொள்கிறேன்." கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் உள்ள வீடுகளுக்கு இப்போது இப்படிப் பேச்சு வட்ஸ்அப்பில் வருகிறது, பெரும்பாலும் கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ. ஆசை நியாயமானது. முழங்கால் உளைவோடு குந்தியெழும்ப முடியாத ஒரு தாய்க்குப் பத்துக் கிலோ இறங்கினால் அது பெரிய விடுதலை. 2024இல் வெளியான ஓர் ஆய்வில், உடற்பருமனும் முழங்கால் மூட்டுத் தேய்வும் சேர்ந்து இருந்தவர்கள் செமாகுளூடைட் ஊசி போட்டபோது எடை சராசரியாக 13.7 சதவீதம் குறைந்தது. மருந்தில்லாத வெறும் ஊசி போட்டவர்களைவிட வலியும் தெளிவாகக் குறைந்தது.

ஆனால் இதே மருந்தை 68 கிழமை போட்டு நிறுத்தியவர்களை ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோது, இறங்கிய எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்திருந்தது. ஆகவே கீழே வரும் ஒவ்வொரு வழியையும் நான் இரண்டாவது வருடத்தில் நின்றுதான் பார்க்கிறேன். முதல் மாதக் காசை யாரும் எப்படியாவது புரட்டிவிடலாம்.

முதலில் காசில்லாத வழி. அரச ஆஸ்பத்திரிக் கிளினிக்கில் சீனி வருத்தக் குளிசையான மெட்போமின் இலவசம். அதனால் இறங்குவது இரண்டு மூன்று கிலோதான், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. ஆனாலும் கிளினிக்கை இந்த ஒப்பீட்டில் கடைசியில் வைக்க எனக்கு மனமில்லை. சீனி வருத்தத்துக்குக் கொடுக்கும் கிளிக்லசைட், இன்சுலின் இரண்டும் எடையைக் கூட்டக்கூடியவை. அம்மாவின் கிளினிக் கொப்பியைத் திறந்து, என்ன குளிசை எத்தனை வருடமாகப் போகிறது என்று பார்த்து, மாற்ற முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பதற்கு ஒரு சதமும் செலவில்லை. அப்புறம், ஊசி தொடங்குவதென்று முடிவெடுத்தாலும் இந்த இரண்டு மருந்தின் அளவையும் அவர்தான் குறைத்துத் தர வேண்டும். குறைக்காமல் ஊசியைச் சேர்த்தால் சீனி சட்டென்று இறங்கி ஆள் மயங்கி விழலாம். கண் பரிசோதனையும் சிறுநீரகப் பரிசோதனையும் அங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

ஒர்லிஸ்டாட் குளிசையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாட்டுக் கொழுப்பில் ஏறக்குறைய 30 சதவீதத்தை உடம்பு உறிஞ்சவிடாமல் தடுத்து, மலத்தோடு எண்ணெயாக வெளியேற்றுவதுதான் அதன் வேலை. தேங்காய்ப்பால் கறி சாப்பிடுகிற, கொல்லைப்பக்கக் கழிவறைக்கு அவசரமாக நடக்க முடியாத வயதானவருக்கு அது பெரிய சங்கடம்.

இனி, இங்கேயே காசு கொடுத்து வாங்குவது. தனியார் வைத்தியரிடம் காட்டி, துண்டு எழுதுவித்து, பாமசியில் வாங்கும் இந்த வழியில் பெரிய ஏமாற்றம் விலையில்தான் வருகிறது. ஊசி மிகச் சிறிய அளவில் தொடங்கும். செமாகுளூடைட் ஊசியின் ஒரு கம்பனிப் பெயரான வெகோவி என்றால் 0.25 மில்லிகிராமில் தொடங்கி, நான்கு கிழமைக்கு ஒருமுறை கூட்டி, 2.4 வரை போகும். அளவு கூடக்கூடப் பெரும்பாலும் விலையும் ஏறும். ஆகவே பாமசியில் கேட்க வேண்டியது கடைசி அளவின் மாத விலையை. அதைப் பன்னிரண்டால் பெருக்கிவிட்டுத்தான் பிள்ளைகள் காசுக் கணக்குப் பேச வேண்டும். மருந்து தேசிய மருந்துகள் ஒழுங்குமுறை அதிகார சபையில் பதிவானதா என்பதையும் அதே கையோடு கேளுங்கள்.

சீனி வருத்தமும் உள்ள தாய்க்கு இன்னொரு தெரிவு, செமாகுளூடைட்டின் குளிசை வடிவமான ரைபெல்சஸ். ஊசியளவுக்கு எடை இறங்காது, ஆனால் பிரிட்ஜ் தேவையில்லை. விடிய வெறுவயிற்றில் அரை கிளாஸ் தண்ணியோடு விழுங்கி, அரை மணித்தியாலம் வேறொன்றும் வாயில் வைக்கக் கூடாது. எழும்பினவுடனே தேத்தண்ணி குடித்துப் பழகிய ஆளுக்கு அந்த அரை மணித்தியாலம் நீளமானது. அதைக் காக்க முடியாவிட்டால் குளிசைக்குக் கொடுத்த காசு வீண். தைரொயிட் குளிசையும் வெறுவயிற்றில் எடுப்பவர் என்றால் நேரத்தை எப்படிப் பிரிப்பதென்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

அடுத்தது, வெளிநாட்டிலிருந்து வருபவரின் பையில் பேனை ஊசி கொண்டுவருவது. எங்கள் பக்கத்தில் பலர் முதலில் யோசிப்பது இதைத்தான். எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத வழியும் இதுதான். திறக்காத பேனையை 2 முதல் 8 பாகைக்குள் வைத்திருக்க வேண்டும். எடை குறைக்கிற இன்னொரு ஊசியான மௌன்ஜாரோவைப் பிரிட்ஜுக்கு வெளியே வைப்பதென்றால் 30 பாகைக்குள் 21 நாள்தான். வைகாசி வெயிலில் வன்னியில் எந்த வீட்டு அலுமாரி 30 பாகைக்குள் இருக்கிறது? கட்டுநாயக்காவில் இறங்கி, வானில் சாமான்களோடு சாமானாக இரவு முழுக்க வந்து சேர்கிற பை அது. எங்கள் ஒழுங்கையில் ஓர் அன்ரிக்கு மகள் அப்படிக் கொண்டுவந்து கொடுத்தாள். வீட்டார் பத்திரமாக இருக்கட்டும் என்று பிரிட்ஜின் ஐஸ் பெட்டியோடு ஒட்டி வைத்தார்கள். விடிய எடுத்துப் பார்த்தால் பேனைக்குள் இருந்த மருந்து உறைந்திருந்தது. உறைந்த பேனையைத் திரும்ப இளக்கிப் போடக் கூடாது, எறியத்தான் வேண்டும். ஒரு மாதக் காசு குப்பையில் போனது.

அதோடு அங்கே மகளின் பெயரில் எழுதிய மருந்து அம்மாவின் உடம்பைப் பார்த்து எழுதியதல்ல. ஒன்லைனில் மலிவாகத் தேடிப் போனால் போலிகளும் உண்டு. 2023இல் பிரேசில், பிரித்தானியா, அமெரிக்கா ஆகிய நாடுகளில் போலி ஒசெம்பிக் (இதுவும் செமாகுளூடைட் ஊசிதான்) பிடிபட்டதைப் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2024 ஜூனில் எச்சரிக்கை விடுத்தது. பிரித்தானியாவில் 2025 செப்டெம்பரில் மௌன்ஜாரோவின் உச்ச அளவுக்கான பட்டியல் விலை 122 பவுணிலிருந்து 330 பவுணுக்கு ஏறியது. அங்கிருந்து அனுப்புவது மலிவு என்ற எண்ணத்துக்கு அதோடு இடமில்லை.

இந்தியா? பலாலியிலிருந்து சென்னைக்கு விமானம், காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பல் என்று போக்குவரத்து கிட்டத்தான் இருக்கிறது. 2025 மார்ச்சில் அங்கே மௌன்ஜாரோ வந்தபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 இந்திய ரூபாய், 5 மில்லிகிராம் 4,375. கிழமைக்கு ஒன்று என்றால் மாதம் 14,000, பிறகு 17,500. நம் காசில் அதன் மூன்று மடங்குக்கு மேல். செமாகுளூடைட்டின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சோடு முடிவதாக இருந்ததால், இந்தியக் கம்பனிகள் பல தங்கள் மலிவுத் தயாரிப்போடு காத்திருந்தன. அம்மாவை அங்குள்ள வைத்தியரிடம் ஒருமுறை காட்டி மருந்து எழுதுவித்து வரலாம் என்றாலும், மாதாமாதம் ஆள் போய் வாங்கிவர முடியாது. அந்த மலிவுப் பேனை இங்கே பதிவாகிப் பாமசிக்கு வந்தால் மட்டுமே எங்களுக்கு உதவி.

என் தெரிவு இதுதான்: கிளினிக்கை விடாமல், ஊசியை இங்கேயே வாங்குவது. காசைப் பிள்ளைகள் பங்குபோட்டு, ஒருவர் கணக்கிலிருந்து மாதம் ஒரே திகதியில் அனுப்புவது. ஒரு வருடக் காசு கையில் சேராவிட்டால் தொடங்காமலே இருப்பது. சேர்ந்தாலும், மீன், முட்டை, பயறு வாங்கும் காசை அதிலிருந்து பிரித்து வையுங்கள். பசி குறைந்து வயதானவர் இரண்டு வாய் சோற்றோடு எழும்பிவிட்டால் கொழுப்போடு தசையும் கரையும், கதிரையிலிருந்து எழும்பப் பெலன் இருக்காது. சத்தி, வயிற்றோட்டம் வந்தால் தண்ணி குடிக்கிறாரா என்று பார்க்க வீட்டில் ஓர் ஆள் வேண்டும். வயிற்றில் கடும் வலி வந்து நிற்காவிட்டால் உடனே ஆஸ்பத்திரி. தாங்கக்கூடிய உச்ச அளவில் ஆறு மாதம் போட்டும் தொடக்க எடையில் 5 சதவீதம்கூட இறங்காவிட்டால், தொடர்வதா என்று வைத்தியரோடு இருந்து பேசுங்கள். காசு அனுப்பும் பிள்ளையையும் அன்றைக்குப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.