சமையலும் சுடுதண்ணியும்: கோபர் கேஸா, சிலிண்டரா, தேங்காய்த் தொட்டி (சிரட்டை) எரிக்கும் பாய்லரா?

தோட்டத்தில் வீடு கட்டுகிறவர்கள் எந்த அடுப்பு வைக்கலாம் என்று யோசிக்கும்போது சமையலை மட்டும்தான் கணக்கில் எடுக்கிறார்கள். ஆனால் குளியலும் ஏறக்குறைய அதே அளவுக்கு எரிவாயு தின்னும். 20 லிட்டர் தண்ணீரை 25 டிகிரியிலிருந்து 45 டிகிரிக்குக் கொண்டுபோக 400 கிலோ கலோரி வேண்டும். நல்ல கேஸ் அடுப்பில் அதற்கு 50 கிராமுக்கு மேல் எரியும். நாலு பேர் தினமும் குளித்தால் மாதத்துக்கு 6 கிலோ. 14.2 கிலோ சிலிண்டரில் கிட்டத்தட்டப் பாதி குளியலறைக்கே போய்விடும்.

கரண்ட் ஹீட்டரும் லேசுப்பட்டதல்ல. அதே நாலு பேர் குளியலுக்கு இரண்டு மாதத்தில் 110 யூனிட் தாண்டும். இலவச 100 யூனிட் அதிலேயே தீர்ந்தது.

கோபர் கேஸுக்கு, அதாவது சாண எரிவாயுவுக்கு வருவோம். 25 கிலோ சாணிக்கு 1 கன மீட்டர் வாயு; அது அரைக் கிலோ சிலிண்டர் கேஸுக்குக் கொஞ்சம் குறைவு. நாலைந்து மாடு இருந்தால் 2 கன மீட்டர் கலன் (சாணியைப் புளிக்கவைத்து வாயு எடுக்கும் தொட்டி) போடலாம் என்பார்கள். இங்கேதான் மாட்டின் எண்ணிக்கை ஏமாற்றும். பொள்ளாச்சிப் பக்கம் கட்டுத்தரையிலேயே நிற்கும் கறவை மாடென்றால் சாணி முழுவதும் கைக்கு வரும். காங்கயம், தாராபுரம் பக்கம் கொறங்காட்டில் (வேலி போட்ட மேய்ச்சல் நிலத்தில்) மேயும் மாடென்றால் பாதிக்கு மேல் காட்டிலேயே விழும். நிலத்துக்கு நல்லதுதான், கலனுக்கு வராது. அதனால் மாட்டை எண்ணாதீர்கள், காலையில் அள்ளும் சாணியை நிறுத்துப் பாருங்கள்.

கலனில் வாயு தேங்க மேலே இரும்பு மிதவை வைத்த வகை துருப்பிடிக்கும், பெயிண்ட் அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். 1984-ல் வந்த தீனபந்து என்ற வகையில் தரைக்கடியில் செங்கல் கவிமாடம்; துருப்பிடிக்க ஒன்றுமில்லை, ஆனால் கொத்தனார் கைசுத்தமானவராக இருக்க வேண்டும். விரிசல் விட்டால் வாயு நிற்காது. சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டவும் முடியாது. இந்த வாயுவுக்கு அழுத்தமும் சூடும் குறைவு, பெரிய துளை வைத்த தனி பர்னர் வேண்டும். குழாயில் தண்ணீர் கோத்துக்கொண்டால் நீலச்சுடர் விட்டுவிட்டுத் துடிக்கும். பள்ளமான இடத்தில் திருகு வைத்து வடித்துவிட வேண்டும். தினமும் சாணியும் தண்ணீரும் சரிபாதி கரைத்து ஊற்ற ஆள் இருந்தால், சமையலுக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. வெளியே வரும் கரைசல் தென்னைக்கும் மஞ்சளுக்கும் நேராகப் பாயும்.

ஆனால் சுடுதண்ணியை இதன் தலையில் கட்டாதீர்கள். மார்கழிக் குளிரில் கலனுக்குள் நுண்ணுயிர் சோம்பிவிடும், வாயு குறையும். "சுடுதண்ணி காஞ்சுதா அம்மிணி?" என்று வீடே கேட்பதும் அப்போதுதான்.

அதற்குத் தொட்டி பாய்லர். நடுவில் நெருப்புக் குழல், சுற்றிலும் தண்ணீர். தேங்காய்த் தொட்டி, பன்னாடை, காய்ந்த பாளை என்று தோப்பில் விழுவதெல்லாம் எரியும். புகை உண்டு என்பதால் வீட்டுக்கு வெளியே, காற்று வீட்டுப் பக்கம் அடிக்காத மூலையில் வையுங்கள். தென்னை இல்லாதவர்கள் விறகை விலைக்கு வாங்கி இதை வைப்பதில் அர்த்தமில்லை. அவர்களுக்குச் சூரிய ஒளி ஹீட்டர்தான் சரி.

ஆக, மாடும் தென்னையும் இருக்கும் வீட்டில் சமையல் கோபர் கேஸில், குளியல் பாய்லரில். விருந்தாளி வரும் நாளுக்கும் சாணி கரைக்க ஆளில்லாத நாளுக்கும் ஒரு சிலிண்டர். கேஸ் கீசர் மாட்டியே ஆக வேண்டுமென்றால் குளியலறைக்கு வெளிச்சுவரில் மாட்டுங்கள். மூடிய அறைக்குள் அது கக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.