எந்தக் கச்சேரியை விடலாம்? செட்லிஸ்ட்.எஃப்எம் சொல்கிறது

கச்சேரிப் பிரியர்களுக்கான செயலிகள் எல்லாம் 'போ, போ' என்றுதான் தள்ளும். பேண்ட்ஸ்இன்டவுன், சாங்கிக் இரண்டும் என் போனில் இருக்கின்றன. பிடித்த கலைஞர்களைக் குறித்துவைத்தால், பக்கத்தில் நிகழ்ச்சி அறிவித்ததும் தகவல் வந்துவிடும். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டியல் நீள்கிற வேகத்துக்குச் சம்பளம் நீள்வதில்லையே. எதை விடலாம் என்று எனக்குச் சொல்வது செட்லிஸ்ட்.எஃப்எம் என்ற இணையதளம் மட்டும்தான்.

காசு மிச்சம் பிடிக்க உருவான தளமில்லை இது. எந்தத் தேதியில், எந்த மேடையில், எந்த வரிசையில் என்னென்ன பாடினார்கள் என்ற பட்டியலை, அதாவது செட்லிஸ்ட்டை, ரசிகர்களே எழுதி, ரசிகர்களே திருத்துகிறார்கள். இலவசம். பெரிய கலைஞர் என்றால் கூட்டம் கலைவதற்குள் அன்றைய வரிசை ஏறிவிடுவதும் உண்டு.

நான் முதலில் திறப்பது 'சராசரி செட்லிஸ்ட்' பக்கம். ஒரு சுற்றுப்பயணத்தில் வழக்கமாக எந்தப் பாட்டு எந்த இடத்தில் வருகிறது என்று தொகுத்துக் காட்டும். புது ஆல்பத்துக்கான பயணமா, பழைய பாட்டுகளுக்கானதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். ஒரு குழுவின் முதல் இரண்டு ஆல்பங்கள்தான் எனக்கு உயிர், அவற்றிலிருந்து வருவது ஒரே ஒரு பாட்டு, அதுவும் நிகழ்ச்சி முடிந்து, கைதட்டலுக்காகத் திரும்பி வந்து வாசிக்கும் என்கோரில் என்றால், டிக்கெட் காசு பையிலேயே இருக்கட்டும்.

இரண்டாவது இரவுக்கும் போகலாமா என்ற சபலத்துக்கும் இங்கே பதில் உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட்டின் எராஸ் டூர் 2023 மார்ச்சிலிருந்து 2024 டிசம்பர் வரை 149 நிகழ்ச்சிகள் நடந்தது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடிய நிகழ்ச்சியில் இரவுக்கு இரவு மாறியது பெரும்பாலும் முன்கூட்டிச் சொல்லாமல் பாடும் 'சர்ப்ரைஸ்' பாட்டுகள்தான். அமெரிக்க ராக் குழுவான ஃபிஷ்ஷோ 2017-இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்கில் 13 இரவுகள் வாசித்தும் ஒரு பாட்டைக்கூடத் திரும்ப எடுக்கவில்லை. முதல் ரகத்துக்கு ஒரு டிக்கெட் தாராளம். இரண்டாவது ரகத்தில் அடுத்தடுத்து போகிறவர்களை நான் பைத்தியம் என்று சொல்ல மாட்டேன்.

தளம் உண்மையிலேயே காசைக் காப்பாற்றுவது இசைவிழா விஷயத்தில். விழாக்களில் ஹெட்லைனர், அதாவது முக்கியக் கலைஞர், தவிர மற்றவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் முக்கால் மணி, ஒரு மணி நேரம். தனி நிகழ்ச்சியில் இருபது பாட்டு வாசிக்கிறவர்கள் விழா மேடையில் பத்தோடு இறங்கிவிடுவார்கள். கழற்றிவிடுவது ஹிட் ஆகாத பாட்டுகளை. நான் போவதே அவற்றுக்காக. அதனால் போஸ்டரில், தனியாகக் காசு கொடுத்தும் கேட்பேன் என்கிற பெயர்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர்களுடைய சமீபத்திய விழா செட்களைத் தேடிப் பார்க்கிறேன். ஒரே நேரத்தில் வேறு வேறு மேடையில் இருவர் மோதினால் ஒருவர் பெயரைப் பட்டியலிலிருந்து அடித்துவிட வேண்டியதுதான். மிச்சம் தேறும் பாட்டுகளை ஒரு பக்கம் வைத்து, மறுபக்கம் டிக்கெட், ரயில், தங்குமிடம், உள்ளே விற்கிற தண்ணீர் பாட்டில் வரைக்கும் கூட்டினால், அநேகமாக இரண்டு தனி நிகழ்ச்சிகள்தான் ஜெயிக்கும். புது ஆட்களைக் கேட்பதற்காகவே விழாவுக்குப் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. போஸ்டரில் பொடி எழுத்தில் இருப்பவர்களுக்கு இந்தத் தளத்தில் பக்கம் இருந்தாலும் பாதி வெறுமையாகத்தான் கிடக்கும்.

அதிகம் பேர் கவனிக்காத ஒன்று: கதவு திறந்த நேரம், முக்கியக் கலைஞர் மேடையேறிய நேரம், முடிந்த நேரம் இவற்றையும் சிலர் பதிகிறார்கள். கடைசி ரயிலைப் பிடிக்கலாமா, அறை எடுக்க வேண்டுமா என்பது அதிலேயே தெரியும். பல சமயம் டிக்கெட்டைவிட அறை வாடகைதான் அதிகம்.

என் தம்பிக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது. "அண்ணா, படத்துக்குப் போறதுக்கு முன்னாடி க்ளைமாக்ஸைப் படிச்சிட்டுப் போவியா?" என்பான். சினிமா டிக்கெட் இந்த விலை விற்றால் அதையும் படித்துவிட்டுத்தான் போவேன் என்று சொல்லிவிட்டேன். இப்போது அவனுக்காகவும் நானே பார்த்து, 'போகலாம்', 'வேண்டாம்' என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

ஜாஸ் கேட்கிறவர்களுக்கு இதில் பெரிய பயனில்லை. பாட்டின் பெயர் தெரிந்து என்ன செய்ய, அன்றைக்கு அதை எங்கே கொண்டுபோனார்கள் என்பதல்லவா விஷயம்! தளம், கச்சேரிகளை நடத்தி டிக்கெட்டும் விற்கிற லைவ் நேஷன் நிறுவனத்துக்குச் சொந்தம் என்பதால் டிக்கெட் விற்கும் கையும் பக்கத்திலேயே நீண்டிருக்கும்.

பெரிய குறை தளத்தினுடையதுகூட இல்லை. டிக்கெட் விற்பனை பயணம் தொடங்குவதற்குப் பல மாதங்கள் முன்பே ஆரம்பித்துவிடுகிறது; அப்போது பார்க்கக் கிடைப்பது முந்தைய பயணத்தின் வரிசை மட்டும். சந்தேகமான கலைஞர் என்றால் முதல் சில நிகழ்ச்சிகள் முடியும்வரை காத்திருந்து, அச்சிட்ட விலைக்கு மேல் விற்க அனுமதிக்காத மறுவிற்பனைத் தளங்களில் தேடுகிறேன். வர முடியாமல் போனவர்கள் கடைசி வாரத்தில்தான் அதிகம் விற்கிறார்கள். டிக்கெட் சில மணி நேரத்திலேயே தீர்ந்துவிடும் கலைஞர்களுக்கு இந்த வழி உதவாது. அங்கே பழைய வரிசையை நம்பி வாங்குவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்.