விவசாய நிறுவனத்துக்கு சிஇஓ தேடித் தரும் சேவை: குடியாத்தத்திலிருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

வேலூர் மாவட்டம் குடியாத்தம் பக்கம் இயங்கும் எங்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் (விவசாயிகளே உறுப்பினர்களாகச் சேர்ந்து நடத்தும் கம்பெனி) நான் ஒரு இயக்குநர். மாங்காய், மல்லாட்டை (நிலக்கடலை), தேங்காய் மூன்றும் வாங்கி விற்கிறோம். தலைமைப் பொறுப்புகளுக்கு ஆள் எடுக்க, கட்டணம் வாங்கிக்கொண்டு தேடித் தரும் நிறுவனங்களைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறோம். அணைக்கட்டு, கே.வி.குப்பம் பக்கத்து நண்பர்கள் அடிக்கடி கேட்பது ஒன்றுதான்: "அதுக்குப் போய் அவ்ளோ பணமா?" உழவர் நிறுவனம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும்.

கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு உற்பத்தியாளர் நிறுவனத்துக்கும் முழுநேர முதன்மைச் செயல் அலுவலர் (சிஇஓ) கட்டாயம். அவர் உறுப்பினர் அல்லாதவராகவும் இருக்க வேண்டும். ஆக, நம் ஆட்களில் ஒருத்தர் பார்த்துக்கொள்வார் என்று விட முடியாது. 2020இல் தொடங்கிய, 10,000 உழவர் நிறுவனங்கள் அமைக்கும் மத்திய அரசுத் திட்டத்தில் முதல் மூன்று ஆண்டுகளுக்கு சிஇஓ சம்பளமாக மாதம் 25,000 ரூபாய் வரை கிடைக்கிறது. அந்தச் சம்பளத்துக்கு நல்ல இளம் வேளாண் பட்டதாரி கிடைப்பார். உறுப்பினர் சேர்ப்பது, பங்குத்தொகை வசூல், உரம் விதை லைசென்ஸ் எல்லாம் அவர் நன்றாகவே செய்வார். அந்தக் கட்டத்தில் தேடும் நிறுவனத்துக்குக் காசு கொடுக்கவே வேண்டாம். விரிஞ்சிபுரத்தில் இருக்கும் வேளாண் அறிவியல் நிலையத்திலும் கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் சொல்லி வைத்தாலே போதும்.

சித்தூர், கிருஷ்ணகிரி மாங்கூழ் ஆலைகளோடு உட்கார்ந்து விலை பேசும்போதும், வங்கியில் பெரிய கடன் கேட்கும்போதும்தான் பதினைந்து இருபது வருடம் தொழில் பார்த்தவர் தேவைப்படுகிறார். அப்படிப்பட்டவர் வேலை விளம்பரம் பார்த்து விண்ணப்பம் போடுவதில்லை. நாம்தான் தேடிப்போக வேண்டும்.

இந்தச் சேவை இரண்டு விதம். ஒன்று, ஆள் சேர்ந்தால் மட்டும் காசு. பெரும்பாலும் ஒரு மாதச் சம்பளம் அளவு கேட்பார்கள். இதில் எங்களுக்கு வந்ததெல்லாம் வேலைவாய்ப்புத் தளங்களிலிருந்து இறக்கிய பயோடேட்டாக்கள்தான். இன்னொன்று, முன்பணம் வாங்கிக்கொண்டு தேடுவது. முதல் ஆண்டுச் சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை போகும். தொடங்கும்போது, பட்டியல் தரும்போது, ஆள் சேரும்போது என்று மூன்று தவணை. உழவர் நிறுவனத்துக்கு இது கனமான தொகைதான். ஆனாலும் மூத்த பொறுப்புக்கு இரண்டாவது முறையைத்தான் சொல்வேன்.

ஏனென்றால் அந்த முறையில் எங்களுக்குத் தேடித் தந்த நிறுவனத்தின் ஆலோசகர் பயோடேட்டாவைத் தொடுவதற்கு முன்னாலேயே எங்கள் கொள்முதல் நிலையத்துக்கு வந்து உட்கார்ந்தார். லோடு எப்போது வருகிறது, எடை போடுவது யார், காலையில் விலை சொல்வது யார், செக்கில் கையெழுத்து யாருடையது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். விலை விஷயம் வந்ததும் எங்கள் இயக்குநர் குழுவுக்குள்ளேயே பேச்சு சூடாகிவிட்டது. "சம்பளம் குடுக்கறது நாம, வெல சொல்றது அவரா?" என்றார் ஒரு பெரியவர். ஆள் வருவதற்கு முன்னாலேயே இந்தக் கேள்வி மேசைக்கு வந்ததே பெரிய பயன். எந்தத் தொகை வரை சிஇஓ தன்னிச்சையாக வாங்கலாம், எதற்குமேல் குழுவைக் கேட்க வேண்டும் என்று எழுத்தில் வைத்தோம். குஜராத்தின் ஆனந்தில், பின்னாளில் அமுல் என்று பெயர் பெற்ற பால் கூட்டுறவைத் தொடங்கிய திரிபுவன்தாஸ் படேல் விவசாயிகளைப் பார்த்துக்கொண்டார், நிர்வாகத்தைக் குரியனிடம் விட்டார். கிண்டியில் பொறியியல் படித்துவிட்டு 1949இல் அங்கே போன குரியன் கடைசிவரை அந்த ஊரிலேயே இருந்ததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

வேலைக்குப் பார்த்த ஆளைப் பற்றி அந்தத் தேடும் நிறுவனம் செய்த விசாரணையும் அருமை. பழைய முதலாளியிடம் கேட்டதோடு நிற்கவில்லை. அந்த ஆளுக்குச் சரக்குக் கொடுத்த விவசாயிகளிடமும் மண்டிக்காரர்களிடமும் போய், பணம் சொன்ன நாளில் வந்ததா, தரம் குறைவு என்று விலையைக் கழித்து ஏமாற்றினாரா என்று கேட்டார்கள். நாங்களே கேட்டிருந்தால் யாரும் வாயைத் திறந்திருக்க மாட்டார்கள்.

குறை என்றால், முதலில் வரும் பட்டியல். நான் பார்த்தவரை பாதிக்கு மேல் விதை, பூச்சிமருந்து, உரக் கம்பெனிகளின் விற்பனை மேலாளர்கள். நல்ல திறமைசாலிகள், ஆனால் அவர்கள் விவசாயிக்கு விற்றுப் பழகியவர்கள். எங்களுக்கு விவசாயியிடம் வாங்கத் தெரிந்தவர் வேண்டும். ஈர மல்லாட்டை வந்தால் கையில் எடுத்து உடைத்துப் பார்த்து இன்று வாங்கலாமா, காயவைத்து வரச் சொல்லலாமா என்று முடிவெடுக்க வேண்டும். திருப்பி அனுப்பினாலும் அந்த விவசாயி நாளைக்கும் நம்மிடமே வர வேண்டும். இதை ஆலோசகருக்கு முதல் நாளே அழுத்திச் சொல்லுங்கள். எங்களுக்குக் கடைசியில் அமைந்தவர் மாங்கூழ் ஆலையில் கொள்முதல் பார்த்தவர்.

ஊர் விஷயத்தில் தேடும் நிறுவனத்துக்கு அவ்வளவு பிடிபடவில்லை. வேலூர் என்றதும் சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் காட்பாடிக்கு ரயிலில் வந்துபோகலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். மாங்காய் சீசனில் விடியற்காலையில் லோடு இறங்கும் இடத்தில் அவர் இருக்க வேண்டும். வந்துபோகிறவரால் அது ஆகாது. அதனால் கடைசிச் சுற்றுக்குக் குடும்பத்தோடு வரச்சொல்கிறோம். பள்ளிக்கூடம், வாடகை வீடு காட்டுகிறோம், மனைவிக்கோ கணவருக்கோ இங்கே வேலைக்கு வழி உண்டா என்று பேசுகிறோம். வயதான பெற்றோர் இருக்கிற வீட்டுக்கு சிஎம்சி மருத்துவமனை பக்கத்தில் இருப்பது பெரிய தெம்பு.

அப்புறம் உத்தரவாதக் காலம். ஆள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தருவோம் என்பதற்குப் பொதுவாகச் சில மாதங்கள்தான் தருகிறார்கள். எங்களிடம் ஒரு நிறுவனம் ஆறு மாதம் என்றது. ஆவணியில் சேர்கிறவர் ஆறு மாதத்தில் மாங்காய்க் கொள்முதலைப் பார்த்தே இருக்க மாட்டார். ஒரு முழு சீசன் முடியும்வரை உத்தரவாதம் என்று பேசி வாங்குங்கள். கடைசித் தவணையில் ஒரு பகுதியையும் அதுவரை நிறுத்தி வைக்கலாம். கேட்டால் ஒத்துக்கொள்கிறார்கள். அவர்கள் சேர்த்துவிட்ட ஆளை அவர்களே வேறு இடத்துக்கு இழுக்கக்கூடாது என்பதையும் ஒப்பந்தத்தில் எழுதிவிடுங்கள்.

சம்பளத்தில் ஊக்கத்தொகை வைப்பதாக இருந்தால் விற்றுமுதலை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். விவசாயிக்குப் பணம் குறித்த நாளில் போய்ச் சேர்ந்ததா என்பதையும் சேர்த்தோம். அதன்பிறகு எங்கள் உறுப்பினர்கள் தனியார் மண்டிக்குக் கொண்டுபோவது நன்றாகவே குறைந்திருக்கிறது. இப்போது தரக் கட்டுப்பாட்டுக்கு ஒரு மூத்த மேலாளர் தேடுகிறோம். சிஇஓவைத் தேடித் தந்த அதே நிறுவனத்திடம்தான் கொடுத்திருக்கிறோம். உத்தரவாதம் இந்த முறை ஒரு வருடம்.