மொட்டையா, கவாத்தா, அடியோடு வெட்டுவதா? எங்கள் வீட்டு இரண்டு மரங்களின் கணக்கு

ஆவணி பிறந்தால் எங்கள் நங்கநல்லூர் தெருவில் மரம் வெட்டுகிறவர்கள் வர ஆரம்பித்துவிடுவார்கள். சைக்கிளில் கயிற்றுச் சுருள், கையில் அரிவாள். "மழைக்கு முன்னாடி மரத்தைக் கழிச்சு விட்டுரலாமா சார்?" என்று வாசலில் நின்று கேட்பார்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் அடித்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கேள்விக்கு வேண்டாம் என்று சொல்ல மனம் வராது. மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டி வீசிய காற்றில் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. எங்கள் தெருவில் மட்டும் ஆறு. மூன்று நாள் மின்சாரம் இல்லாமல் இருந்தோம்.

எங்கள் வீட்டில் இரண்டு மரங்கள் தப்பின. பின்பக்கம் ஒரு பெரிய வேம்பு. முன்பக்கம் கேட்டை ஒட்டி ஒரு இயல்வாகை, கோடையில் மஞ்சள் பூவாகக் கொட்டுமே, அதுதான். இரண்டையும் என்ன செய்வது என்பதில் அன்று முதல் வீட்டில் மூன்று கட்சி. அம்மாவுக்கு ஆண்டுதோறும் கழித்துவிட வேண்டும், அதாவது கொம்பையெல்லாம் வெட்டி மொட்டை அடிக்க வேண்டும். என் மனைவிக்கு இரண்டையும் வெட்டிவிட வேண்டும், பயம். எனக்கு எது சரி என்றே தெரியாது. முதல் ஐந்து வருடம் அம்மா சொன்னபடி நடந்தது. 2022-இல் வேம்பை முறையாகக் கவாத்து செய்தோம், அதாவது எடுக்க வேண்டிய கொம்பை மட்டும் பார்த்து எடுத்தோம். இயல்வாகையை அடியோடு எடுத்தோம். அதனால் மூன்று வழியிலும் எங்களுக்குக் கொஞ்சம் அனுபவம் உண்டு. என் சாய்வு கவாத்துப் பக்கம்தான், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எல்லோருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் முடித்துவிடலாம். மொட்டை அடிப்பது மலிவு, அரை நாளில் முடிந்துவிடும், விறகை அவர்களே எடுத்துக்கொண்டால் கூலி இன்னும் குறையும். முறையான கவாத்துக்கு நாலைந்து மடங்கு செலவு. அடியோடு வெட்டுவது மூன்றிலும் அதிகச் செலவு, ஆனால் அதற்கப்புறம் வேலை இல்லை. நிழல் போகும், மாடி அறை சூடாகும். இதெல்லாம் சரி. ஆனால் இந்த ஆண்டின் கூலியை மட்டும் வைத்துப் பார்த்தால் கணக்கு தப்பாகத்தான் வரும். வெட்டிய இடத்திலிருந்து அடுத்து என்ன முளைக்கப் போகிறது என்பதுதான் உண்மையான கேள்வி. எனக்கு இது புரிய ஐந்து வருடம் ஆனது.

ஒரு மரத்தை மொட்டை அடித்தால் அது இலையெல்லாம் இழந்து நிற்கிறது. இலைதான் அதன் அடுப்பு, சமையல் எல்லாம் அங்கேதான். அடுப்பு போனதும் மரம் அவசர அவசரமாக, சேமித்து வைத்திருந்த சத்தையெல்லாம் செலவழித்து, வெட்டுப்பட்ட முனைகளைச் சுற்றிக் கொத்துக் கொத்தாகச் சிம்புகளை, அதாவது புதுக் கொம்புகளை, விடும். மூன்று மாதத்தில் மரம் பச்சைப் பசேல் என்று நிற்கும். "பாத்தியா, எப்படித் தழைச்சிருக்கு" என்று அம்மா சந்தோஷப்படுவாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அந்தச் சிம்புகளின் பிடிமானத்தை யாரும் பார்ப்பதில்லை. இயல்பாக வளரும் கிளை, மரம் பருக்கப் பருக்க, வருடா வருடம் மரத்துக்குள் புதைந்து ஊன்றிக்கொள்கிறது. வெட்டுக்குப் பிறகு வரும் சிம்பு பட்டைக்கு அடியில் இருக்கும் மேல் அடுக்கில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிடிமானம் மெல்லியது, வளர்ச்சியோ வேகம். ஒரே முனையில் ஏழெட்டுச் சிம்பு, ஒவ்வொன்றும் மூன்று நான்கு வருடத்தில் கை மொத்தம் ஆகிவிடும். அதே நேரத்தில் அவை உட்கார்ந்திருக்கும் வெட்டுமுனை உள்ளிருந்து உளுத்துப் போகும். மழைத்தண்ணீர் இறங்கி, பொந்து விழுந்து, மேலே கனம், கீழே உளுப்பு. கூடவே, இத்தனை காலம் நிழலில் இருந்த பட்டை திடீரென்று வெயிலில் காய்ந்து வெடிக்கும். நம் ஊர் கத்திரி வெயிலைச் சொல்ல வேண்டியதில்லை.

அமெரிக்க வனத்துறையில் வேலை பார்த்த அலெக்ஸ் ஷைகோ என்ற ஆராய்ச்சியாளர் ஆயிரக்கணக்கான மரங்களை நெடுக்கில் அறுத்துப் பார்த்து இதை விளக்கியிருக்கிறார். நம் தோலில் காயம் ஆறுவதுபோல மரத்தின் காயம் ஆறுவதில்லை. கெட்ட பகுதியைச் சுற்றி மரம் ஒரு சுவர் எழுப்பி ஒதுக்கிவைக்கிறது, அதற்கு வெளியே புது மரம் வளர்த்து மூடிக்கொள்கிறது. சுவர் எழுப்ப வசதியான இடத்தில் வெட்டினால் மரம் பிழைக்கும். கண்ட இடத்தில் வெட்டினால் உளுப்பு உள்ளே இறங்கும். வெட்டிய இடத்தில் தார் பூசுவது எதையும் தடுக்காது என்பதும் அவர் காட்டியதுதான். நாங்கள் ஐந்து வருடமும் அக்கறையாகத் தார் பூசியிருக்கிறோம்.

2022 ஜூன் மாதம். புயல் கிடையாது, சாயங்கால இடிமழைக்கு முன்னால் அடிக்குமே ஒரு காற்று, அவ்வளவுதான். வேம்பில் ஒரு சிம்பு, சிம்பு என்ன, அதற்குள் என் தொடை மொத்தம் ஆகியிருந்தது, ஒட்டியிருந்த இடத்திலிருந்து உரித்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாமாவின் கார் ஷெட் தகரத்தில் விழுந்தது. ஐந்து நிமிடத்துக்கு முன்புதான் அவருடைய பேத்தி அங்கிருந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருந்தாள். மாமா ஒரு வார்த்தை கோபமாகப் பேசவில்லை. அதுதான் எங்களை அதிகம் உலுக்கியது. விழுந்த கொம்பின் அடியைப் பார்த்தேன். உள்ளங்கை அளவு பட்டையும் மெல்லிய ஒரு அடுக்கு மரமும்தான் அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. வர்தாவில் தாங்கிய மரம், நாங்கள் ஐந்து வருடம் 'பாதுகாப்பாக' மொட்டை அடித்ததால் ஒரு சாதாரணக் காற்றுக்குக் கொம்பை விட்டது. மொட்டை அடித்தவர் மீது எனக்குக் குறையில்லை. கேட்டது நாங்கள்.

அப்புறம்தான் விசாரித்து, பயிற்சி பெற்ற ஒரு குழுவைக் கூப்பிட்டோம். வந்தவர் விலை சொல்வதற்கு முன் முக்கால் மணி நேரம் இரண்டு மரங்களையும் சுற்றிச் சுற்றி வந்தார். அடிமரத்தை ரப்பர் சுத்தியலால் தட்டிச் சத்தம் கேட்டார். வேம்பைக் காப்பாற்றலாம், இயல்வாகையை எடுத்துவிடுங்கள் என்றார். என் மனைவியும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

வேம்பில் அவர்கள் செய்தது இதுதான். ஒவ்வொரு கொத்திலும் உறுதியான ஒன்றிரண்டு சிம்புகளை விட்டு மற்றதை எடுத்தார்கள். விட்டதையும் நீளம் குறைத்துக் கனத்தைக் கழித்தார்கள். காய்ந்த கொம்பு, ஒன்றோடொன்று உரசும் கொம்பு, மாமா வீட்டுப் பக்கம் நீண்டது எல்லாம் போயின. ஒரே தடவையில் பச்சையில் கால் பங்குக்கு மேல் எடுக்கமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். மீதியை இரண்டு வருடம் கழித்து வந்து பார்த்தார்கள். பெரிய கிளையை மூன்று வெட்டில் இறக்கினார்கள்: முதலில் கீழிருந்து பாதி, பிறகு சற்றுத் தள்ளி மேலிருந்து, கனம் போனபின் கடைசி வெட்டு. கிளை அடிமரத்தோடு சேரும் இடத்தில் சட்டைக் காலர் போல ஒரு மடிப்பு இருக்கிறது, அதைத் தொடாமல் அதற்கு வெளியே வெட்டுகிறார்கள். மரம் சுவர் எழுப்பும் இடம் அதுதான். இப்போது அந்த வெட்டுகளைச் சுற்றி வளையமாகப் பட்டை உருண்டு மூடிக்கொண்டு வருவதைப் பார்க்க எனக்கு அவ்வளவு நிம்மதி.

இயல்வாகை கதை வேறு. அடிமரத்தில் தரையை ஒட்டித் தட்டுத் தட்டாக, மரக்கட்டை மாதிரி கெட்டியான காளான் இரண்டு வருடமாக இருந்தது. மழைக்கு வருவது என்று விட்டிருந்தோம். அப்படிக் காளான் அடியில் வந்தால் வேரும் அடித்தண்டும் உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மேலே எவ்வளவு அழகாகப் பூத்தாலும் அதை நம்பிக் கீழே நிற்க முடியாது. இந்த மாதிரி மரத்துக்குக் கவாத்து தீர்வு இல்லை, வெட்டத்தான் வேண்டும். மின்கம்பி பக்கத்தில் போனதால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பை நிறுத்தச் செய்து, உச்சியிலிருந்து துண்டு துண்டாக அறுத்துக் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். அறுத்த அடிக்கட்டை நடுவில் கை நுழையும் அளவு பஞ்சு போல இருந்தது. என் மனைவியின் பயத்தில் பாதி நியாயம் இருந்தது என்று அன்று ஒப்புக்கொண்டேன்.

பீனிக்ஸில் இருக்கும் என் மைத்துனரிடம் இதைச் சொன்னபோது, அங்கேயும் இதே வழக்குதான் என்றார். அரிசோனா பாலைவனம், ஆண்டுக்கு 200 மில்லிமீட்டர் மழை கூடத் தேறாது. நமக்கோ 1400 வரை பெய்யும். அவர் வீட்டில் நிற்பது மெஸ்கீட், நாம் வேரோடு பிடுங்க நினைக்கும் சீமைக் கருவேலத்தின் பங்காளி. அங்கே நிழலுக்கு அதுதான் செல்லப்பிள்ளை. ஜூன் பாதியிலிருந்து செப்டம்பர் வரை திடீர்ப் புயற்காற்று வரும் என்பதால் அதற்கு முன்பே கவாத்து செய்துவிடுகிறார்கள். அடிமரத்தை ஒட்டியே சொட்டுநீர் கொடுத்தால் வேர் ஆழம் போகாமல் மேலேயே சுற்றிக்கொள்கிறது, காற்றில் மரம் வேரோடு சாய்கிறது என்றார். அதைக் கேட்டதும் எங்கள் பின்கட்டைப் போய்ப் பார்த்தேன். வேம்பைச் சுற்றி அடிமரம் வரை சிமென்ட் போட்டு வைத்திருக்கிறோம். அடுத்த வாரமே கொத்தனாரை வைத்து நாலடிச் சுற்றுக்கு உடைத்து மண்ணைத் திறந்துவிட்டோம்.

பணக் கணக்குக்கு வருகிறேன். 2017 முதல் 2021 வரை வேம்பை ஐந்து முறை மொட்டை அடிக்க மொத்தம் 28,000 ரூபாய் ஆனது. மாமாவின் ஷெட் தகரத்துக்கு 14,000. ஆக 42,000 கொடுத்து மரத்தைக் கெடுத்திருக்கிறோம். 2022 கவாத்துக்கு 24,000, 2024-இல் மறுபடி வந்து பார்த்ததற்கு 9,000. இனி மூன்று வருடத்துக்கு ஒருமுறை போதும் என்கிறார்கள். இயல்வாகையை எடுக்க 38,000, கட்டைகளை அப்புறப்படுத்தியது உட்பட. இவை எங்கள் வீட்டுத் தொகை. சந்துக்குள் வண்டி வருமா, கம்பி பக்கத்தில் போகிறதா என்பதைப் பொறுத்து உங்களுக்கு மாறும்.

எங்கள் அனுபவம் மூன்று பருவமழைதான். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரை கடந்தபோதும், அடுத்த வருடம் மிக்ஜாம் புயலிலும் வேம்பு ஒரு கொம்பைக் கூட விடவில்லை. ஆனால் வர்தா மாதிரி ஒரு காற்று இன்னும் வரவில்லை, அதனால் வெற்றி என்று சொல்லமாட்டேன். வேம்பை வைத்துச் சொன்னதை மயில்கொன்றைக்கும் தூங்குமூஞ்சிக்கும் அப்படியே பொருத்தவும் வேண்டாம். தென்னைக்கு இந்தப் பேச்சே இல்லை, மட்டை எடுக்க மரம் ஏறுகிறவரே போதும். தெருவில் நிற்கும் மரம் நம் மரம் அல்ல. அதற்கு மாநகராட்சியின் 1913 எண்ணில் சொல்லுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். சொந்த மனையில் வெட்டுவதென்றாலும் முதலில் மாநகராட்சியில் விசாரித்துக்கொள்வது நல்லது.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரே ஒரு கேள்வி போதும். "எவ்வளவு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். "ஃபுல்லா எடுத்துடலாம் சார்" என்றால் அனுப்பிவிடுங்கள். எந்தக் கொம்பு, ஏன் என்று மரத்தைக் காட்டிச் சொல்கிறவரை வைத்துக்கொள்ளுங்கள். காப்பாற்றப் போகும் மரத்தில் காலில் கூர்முனை இரும்பு மாட்டிக் குத்தி ஏறக் கூடாது, ஒவ்வொரு குத்தும் ஒரு காயம். தலைக்கவசம், இடுப்பு வார், தொழிலாளர்களுக்குக் காப்பீடு இருக்கிறதா என்பதையும் கேளுங்கள். அரிவாளோடு வெறுங்காலில் மின்கம்பிக்கு மேலே ஏறுகிற மனிதரை நம் வீட்டுக்காக ஏற்றிவிட்டுக் கீழே நிற்க எனக்கு இனிமேல் முடியாது.

இயல்வாகை நின்ற இடம் இத்தனை நாளும் வெறுமையாகக் கிடந்தது. மதியம் முன்னறை கொதிக்கிறது. அங்கே மகிழம் வைப்பது என்று முடிவு. மதில் சுவரிலிருந்து எட்டடி தள்ளிக் குழி தோண்டியாகிவிட்டது. ஐப்பசி மழை பிடிப்பதற்குள் கன்றை ஊன்றிவிட வேண்டும்.