ரேண்டமா, யூரேண்டமா?
லினக்ஸில் மறையாக்கச் சாவிகளுக்கான தற்போக்கு எண்களை, அதாவது ஊகிக்க முடியாத எண்களை, /டெவ்/ரேண்டம், /டெவ்/யூரேண்டம் ஆகிய இரண்டு சிறப்புக் கோப்புகளிலிருந்தும் பெறலாம். பழைய கெர்னல்களில் (கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி) முன்னது, விசைத் தட்டல், சுட்டி அசைவு போன்றவற்றிலிருந்து சேர்ந்த என்ட்ரோபி (கணிக்க முடியாத தன்மை) குறைந்துவிட்டதாகக் கணக்கிட்டால் வாசிப்பையே நிறுத்திவைக்கும். விசைப்பலகையே இல்லாத சர்வரில் ஜிபிஜி என்ற மறையாக்க மென்பொருளிடம் 4096 பிட் சாவி கேட்டவர்கள், சுட்டியை அசைக்கச் சொல்லும் வரியைப் பார்த்தபடி வெறுமனே காத்திருந்ததுண்டு.

பின்னது காத்திருக்காது. அதனாலேயே தரம் குறைந்தது என்று பலர் நம்பியது தவறு. போதிய விதை, அதாவது தொடக்க என்ட்ரோபி, ஒருமுறை கிடைத்துவிட்டால், கெர்னல் தரும் எண்கள் எடுக்க எடுக்கத் தீர்ந்துபோவதில்லை. யூரேண்டத்தின் உண்மையான குறை, கணினி துவங்கிய முதல் நொடிகளில், விதை சேரும் முன்பே எண்களைக் கொடுத்துவிடக்கூடும் என்பதுதான். ரௌட்டர் போன்ற சிறு கருவிகளுக்கு இது விளையாட்டல்ல: வெவ்வேறு கருவிகள் ஒரே சாவியை உருவாக்கியிருந்தது 2012-இல் அம்பலமானது.

2020-இல் வந்த 5.6 கெர்னல் முதல், ரேண்டமும் முதல் விதை சேரும் வரை மட்டுமே காத்திருக்கிறது. ஆகவே சாவிக்கு நான் அதையோ, அப்படியே நடந்துகொள்ளும் கெட்ரேண்டம் என்ற கெர்னல் அழைப்பையோதான் தேர்வேன்.