வண்டியில் அல்ல, இடுப்பில்: சேர்வராயன் மலையில் என் அவசரப் பை

பனி மலைகளில் ஸ்னோமொபைல் என்ற பனி வண்டி ஓட்டுபவர்கள், பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க உதவும் பீக்கன் கருவியை வண்டியில் வைப்பதில்லை, உடம்போடு கட்டிக்கொள்கிறார்கள். வண்டி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம் என்று போய்விடலாம் அல்லவா? 457 கிலோஹெர்ட்ஸ் அலைவரிசையில் அது விடும் சிக்னலைப் பிடித்து, கூட வந்தவர்களே தேடித் தோண்டி எடுக்க வேண்டும். கால் மணி நேரம் தாண்டினால் பிழைக்கும் வாய்ப்பு மளமளவெனக் குறைந்துவிடும்.

ஏற்காட்டில் பனிச்சரிவு ஏது? ஆனால் குப்பனூர் வழியிலும் எஸ்டேட் மண் பாதைகளிலும் பைக் ஓட்டுகிற எனக்கு இந்த வழக்கம் பிடித்துப்போனது. நண்பர் ஒருவரின் வண்டி காபித் தோட்டச் சரிவில் உருண்டபோது, முதலுதவிப் பெட்டியும் அதோடு உருண்டது. அதிலிருந்து இடுப்புப் பைதான், சில வருஷமாகிறது.

பையில் அதிகம் உழைத்தது விசில். உள்ளே உருண்டை இல்லாத பிளாஸ்டிக் விசிலாக வாங்குங்கள், நனைந்தாலும் அடைக்காது. ஆல்ப்ஸ் மலை முறைப்படி நிமிடத்துக்கு 6 ஊதல், பிறகு ஒரு நிமிடம் இடைவெளி. கத்தினால் தொண்டைதான் போகும், விசிலுக்கு, “என்ன தம்பி, என்னாச்சு?” என்று தோட்டத்து ஆட்கள் வந்துவிடுகிறார்கள்.

தலையில் மாட்டும் ஹெட்லாம்ப் சுமார். மழைக்காலத்தில் உள்ளேயே விட்ட ஆல்கலைன் பேட்டரி கசிந்துவிட்டது. இப்போது கழற்றித் தனியாக வைக்கிறேன். உடல் சூட்டைக் காக்கும் மலிவான ஃபாயில் போர்வை மடிப்பிலேயே கிழிந்தது. கிரேப் பேண்டேஜ் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

செல்போனில் டவர் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்பே இறக்கி வைத்திருந்தால். நம் சிம்முக்கு சிக்னல் இல்லாத இடத்திலும் வேறு நிறுவனத்தின் டவர் இருந்தால் 112-க்கு அழைப்பு போகும். சேலம் சாலையில் விழுந்தால் 108-இல் எத்தனையாவது கொண்டை ஊசி வளைவு என்று சொன்னால் போதும், 20 வளைவுக்கும் எண் உண்டு. எஸ்டேட் பாதைக்கு அது உதவாது. “நாகலூர் பக்கம்” என்றால் யார் எங்கே தேடுவது? அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

செயற்கைக்கோள் தகவல் கருவி வாங்கலாமா என்று கேட்கிறார்கள். வெளிநாட்டு வீடியோ பார்த்து ஆசைப்படாதீர்கள். தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருந்தால் வழக்கு வரும்.

பையின் ஜிப் மட்டும் துருவேறி இறுகிவிட்டது. அடுத்து, வாயைச் சுருட்டி மூடுகிற மாதிரி ஒன்று தேடிக்கொண்டிருக்கிறேன்.